முத்துலட்சுமி ரெட்டி: மகப்பேறு நிதித் திட்டத்தின் பெயரில் இருக்கும் இவர் யார்? புதுக்கோட்டை மருத்துவர் சட்டசபைக்குப் போய் மாற்றியது என்ன?

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் 18,000 ரூபாய் உதவித் திட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்தீர்களா, தவணை வந்ததா என்று கிராமங்களில் இன்றும் விசாரித்துக் கொள்வார்கள். அந்தத் திட்டத்தின் முழுப் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம்.

பணம் தெரியும், பெயர் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், முதல் பெண் டாக்டர் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு வரியிலேயே ஒரு பிழையும் இருக்கிறது.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி செய்தது மருத்துவம் மட்டும் அல்ல. ஒரு நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்குப் பின்னால் என்ன சட்டம், என்ன சொத்து, என்ன பழக்கம் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தவர். வெளிநாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்தவர். பிறகு அதைச் சட்டமாக்கப் போராடியவர். இன்று சமூகக் கொள்கை ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் சொல்லித் தரும் வேலையை, அந்தப் பெயர் பரவலாகாத காலத்திலேயே செய்தவர். அவர் வாழ்க்கை சொல்லும் கதை இது.

புதுக்கோட்டையில் தொடங்கிய கதை

1886 ஜூலை 30. அன்றைக்குப் புதுக்கோட்டை ஒரு தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட பகுதி. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணத்துக்குள் ஒரு தீவு போல இருந்தது.

அங்கே மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர் நாராயணசாமி ஐயர். அவர் மனைவி சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்துக்காக நாராயணசாமியை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இவர்களுக்குப் பிறந்த மகள்தான் முத்துலட்சுமி. பின்னாளில் சினிமாவில் புகழ்பெற்ற ஜெமினி கணேசன் இவருடைய சகோதரர் மகன்.

அப்பா பக்கம் படிப்பு, அம்மா பக்கம் ஊர் பேசும் பேச்சு. இந்த இரண்டையும் பார்த்துத்தான் அந்தப் பெண் வளர்ந்தார். பின்னாளில் அவர் தேவதாசி முறைக்கு எதிராக நின்றபோது, அது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமாக இருக்கவில்லை.

பருவம் வந்ததும் பள்ளியை நிறுத்துவது அன்றைய வழக்கம். முத்துலட்சுமிக்கும் அதுதான் நடந்தது. ஆனால் வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான்.

ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. தாயின் பின்னணியும் பேச்சுக்கு இழுக்கப்பட்டது. கடைசியில் அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி ஆனார் முத்துலட்சுமி. இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என்ற பெயரில் இயங்குவது அதே கல்லூரிதான்.

இந்தியாவின் முதல் பெண் மருத்துவரா?

இல்லை. இந்தக் குழப்பம் இணையத்தில் ரொம்பவே சுற்றுகிறது.

ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கியது 1886-ல். கல்கத்தாவில் காதம்பினி கங்குலி மருத்துவராகத் தேறியதும் அதே 1886-ல். அதாவது முத்துலட்சுமி பிறந்த ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் முத்துலட்சுமியின் இடம் எது? 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பரிசுகளோடு பட்டம் பெற்றார். இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களில் ஒருவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். முதல் என்ற பட்டம் அவருக்கு வேறு இடத்தில் பொருந்தும். அதைப் பின்னால் பார்ப்போம்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது நிபந்தனை. சடங்குகள் இல்லாமல், 1872-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் திருமணம் நடந்தது. 1914-ல் இப்படி ஒரு கல்யாணம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வார்டில் கிடைத்த பாடம்

எழும்பூர் வார்டுகளிலும் பின்னர் தன் சொந்த மருத்துவப் பணியிலும் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது குழந்தைத் தாய்மார்களை. உடல் முழுதாக வளராத வயதில் பிரசவம். ரத்தசோகை. தாய் பிழைத்தால் பிள்ளை இல்லை, பிள்ளை பிழைத்தால் தாய் இல்லை.

மருந்து கொடுத்து ஒருவரைக் காப்பாற்றலாம். ஆனால் அடுத்த மாதம் அதே நிலையில் இன்னொரு சிறுமி வருவாள். காரணம் நோய் அல்ல, கல்யாண வயது. அதை மாற்ற ஸ்டெதாஸ்கோப்பால் முடியாது, சட்டத்தால்தான் முடியும். மருத்துவமனையில் தொடங்கி சட்டசபை வரை அவரைக் கொண்டுபோனது இந்தக் கணக்குதான்.

1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரத்தி ஜினராஜதாசா ஆகியோரோடு முத்துலட்சுமியும் அதில் சேர்ந்து உழைத்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டது அந்தச் சங்கம். 1921-ல் சென்னை மாகாணம் ஆண்களுக்கு இருந்த அதே நிபந்தனைகளில் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. சொத்துத் தகுதி இருந்ததால் ஓட்டுப் போட முடிந்தவர்கள் மிகச் சிலர்தான். ஆனாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டனில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே தகுதியில் ஓட்டு கிடைத்தது 1928-ல். பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-ல்.

லண்டன் பயணம் எதற்கு?

1925-ல் மேல்பயிற்சிக்காக முத்துலட்சுமி இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் படிப்பது நோக்கம். புற்றுநோய் சிகிச்சையையும் அங்கே கவனித்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1923-ல் அவர் தங்கை குடல் புற்றுநோயால் இறந்திருந்தார். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்ததில் நாள் போய்விட்டது. நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

இங்கிலாந்தில் அவர் மருத்துவமனையை மட்டும் பார்க்கவில்லை. தொழில் வளர்ந்த ஒரு நாடு தன் குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதையும் கவனித்தார். அங்கே 1907-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடைமுறைக்கு வந்திருந்தது. நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட, பள்ளியிலேயே கண்டுபிடிப்பது செலவு குறைவு என்பது அதன் தர்க்கம். ஊர் திரும்பியதும் சென்னையிலும் இது வேண்டும் என்று கேட்டவர்களில் முத்துலட்சுமி முக்கியமானவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

1926-ல் பாரிஸில் நடந்த சர்வதேச மகளிர் மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

அதற்காக வெளிநாட்டில் இருப்பதெல்லாம் சரி என்று அவர் நினைத்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விஷயத்தில் இந்தியாவும் பிரிட்டனும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றன. 1929-ல் இந்தியாவில் சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 என்றும், ஆணின் வயதை 18 என்றும் வைத்தது. அதே 1929-ல்தான் பிரிட்டன் பெண்ணின் திருமண வயதை 16 ஆக்கியது. அதுவரை அங்கே சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதிலேயே திருமணம் செய்யலாம். அங்கே அப்படி நடந்த திருமணங்கள் அபூர்வம், இங்கே ஏராளம் என்பதுதான் வித்தியாசம். புத்தகத்தில் சட்டம் இருப்பது வேறு, வீதியில் வாழ்க்கை இருப்பது வேறு.

சட்டசபையில் முதல் பெண்

முதல் என்ற சொல் முத்துலட்சுமிக்குப் பொருந்துவது இங்கேதான். 1926 தேர்தலில் பெண்கள் போட்டியிட அனுமதி கிடைத்தது. கமலாதேவி சட்டோபாத்யாய நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். பெண் ஒருவராவது சபையில் இருக்க வேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டது. அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபை ஒன்றில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். சமஸ்தானங்களைச் சேர்த்தால், திருவிதாங்கூரில் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்குச் சற்று முன்பே நியமிக்கப்பட்டிருந்தார்.

உறுப்பினர்கள் அவரைச் சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய துணை சபாநாயகர் போன்ற பதவி. நோயாளிகள் நிறைந்த மருத்துவப் பணியை விட்டுவிட்டு அரசியலுக்குப் போக அவருக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் அங்கே இருந்த நான்கே ஆண்டுகளில் அவர் எடுத்த விஷயங்களின் பட்டியல் நீளம். 1928-ல் திருமண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 ஆக்கப் பரிந்துரைக்கும் தீர்மானம். விபசார விடுதிகளையும் பெண் கடத்தலையும் ஒடுக்க 1930-ல் வந்த சட்டத்துக்கு ஆதரவு. இவற்றோடு தேவதாசி முறை ஒழிப்பு.

100 பேர் சேர்ந்தால் எத்தனை பேர் படித்தார்கள்?

இந்தக் காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. 1928-ல் சைமன் கமிஷனுக்குத் துணையாகக் கல்வி நிலையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் சர் பிலிப் ஹார்டாக். அதில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் முத்துலட்சுமி.

அதுவரை அரசு காட்டிய கணக்கு, பள்ளியில் இத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பதுதான். ஹார்டாக் குழு வேறு கேள்வி கேட்டது. சேர்ந்தவர்கள் எவ்வளவு தூரம் படித்தார்கள்? 1-ம் வகுப்பில் சேர்ந்த 100 பேரில், எழுத்தறிவு நிலைக்கும் 4-ம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் 20 பேர்கூட இல்லை என்று தெரிந்தது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பாதியில் நிற்பதை விரயம் என்றும், ஒரே வகுப்பில் தேங்குவதைத் தேக்கம் என்றும் 1929-ல் வந்த அறிக்கை பெயரிட்டது.

இன்று இடைநிற்றல் என்று நாம் சொல்வது இதைத்தான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்ப்பதைவிட எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள் என்று பார்க்கும் பழக்கம் இந்தியக் கல்விக் கொள்கைக்குள் வலுவாக வந்தது அந்த அறிக்கையால்தான். அதே அறிக்கை புதிய பள்ளிகளைத் திறப்பதைவிட இருப்பதைச் சீர்படுத்தச் சொன்னது. அதனால் கல்வி பரவுவது தடைப்பட்டது என்ற விமர்சனமும் அதன்மீது உண்டு.

தேவதாசி முறை: நிலத்தில் இருந்த முடிச்சு

முத்துலட்சுமியின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட விஷயம் இது. சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை மட்டுமே. அதனால் எதுவும் தானாக நின்றுவிடாது.

ஏன் நிற்காது? காரணம் நிலம். கோயில் சேவைக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலமோ அதன் வருமானமோ தரப்பட்டிருந்தது. நிபந்தனை ஒன்றுதான். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சேவையைத் தொடர வேண்டும். அவளுக்குப் பிறகு மகள், மகள் இல்லை என்றால் தத்துப் பெண். சேவை நின்றால் நிலமும் போகும். அதாவது ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டாம் என்று நினைத்தாலும், சோறு போடும் நிலம் அவளை விடாது.

முத்துலட்சுமி பிடித்தது இந்த முடிச்சைத்தான். 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. நிலத்தோடு கட்டப்பட்டிருந்த சேவை நிபந்தனை நீக்கப்பட்டது. கோயிலில் சேவை செய்யாமலேயே அந்தப் பெண்கள் நிலத்தை அனுபவிக்கலாம். ஒழுக்கம் பற்றி மேடைகளில் எத்தனையோ பேர் பேசியிருந்தார்கள். வருமானம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் சட்டத்தை வைத்தது இவர் கொண்டுவந்த திருத்தம்.

அடுத்து, பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அது நிறைவேறும் முன்பே, உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் போனது. கடைசியில் சட்டம் ஆனது 1947-ல். தீர்மானத்தில் இருந்து சட்டம் வரை 20 ஆண்டுகள்.

இதில் புதுக்கோட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சென்னை சட்டசபை போட்ட சட்டங்கள் சமஸ்தானத்துக்குள் நேரடியாகச் செல்லாது. முத்துலட்சுமி போராடி வாங்கிய 1929 திருத்தம் அவர் பிறந்த ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச்சில்தான். தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14-ல்.

யார் எதிர்த்தார்கள்? ஏன்?

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி. இவரும் புதுக்கோட்டைக்காரர்தான். திருமயத்தில் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். மதமும் கோயில் மரபும் சார்ந்த விஷயத்தில் சட்டம் தலையிடக் கூடாது, கலை அழிந்துவிடும் என்பது எதிர்த் தரப்பின் வாதம். ஒரே ஊர், ஒரே கல்லூரி, ஒரே சபையில் எதிரெதிர் பக்கம்.

ஆனால் எதிர்ப்பு ஆண்களிடம் இருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிப் பெண்களே சங்கம் வைத்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். தாங்கள் கலைஞர்கள், படித்தவர்கள், சொத்துரிமை உள்ளவர்கள் என்பது அவர்கள் தரப்பு. தங்களை மொத்தமாக விலைமாதர் என்று முத்திரை குத்துவதை அவர்கள் ஏற்கவில்லை. மற்ற இந்துப் பெண்களுக்குச் சொத்தில் பங்கு இல்லாத காலத்தில் தேவதாசிக் குடும்பங்களில் பெண் வழியாகச் சொத்து இறங்கியது என்பது உண்மை.

இன்னொரு பக்கம், அந்தச் சமூகத்திலேயே பிறந்து இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று போராடியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி வாழ்க்கையின் கொடுமையை நாவலாகவே எழுதினார். சுயமரியாதை இயக்கமும் ஒழிப்பின் பக்கம் நின்றது.

பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் இரண்டு தரப்பையும் எடை போடுகிறார்கள். சிறுமிகளைக் கேட்காமலேயே அவர்கள் வாழ்க்கையை முடிவு செய்த ஒரு வழக்கத்துக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அதே நேரம் பல பெண் கலைஞர்கள் மேடையையும் வருமானத்தையும் மரியாதையையும் ஒன்றாக இழந்தார்கள். அவர்கள் ஆடிய சதிர், 1930-களில் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு சமூகத்தினரின் கைக்குப் போனது. ஒரு சட்டம் யாரைக் காக்கிறது, யாரை நடுத்தெருவில் நிறுத்துகிறது என்ற கேள்வி இங்கே அப்படியே நிற்கிறது.

முத்துலட்சுமி இந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் போகவில்லை. அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வந்த சில இளம்பெண்கள் தங்க இடம் கேட்டு அவரிடம் வந்தார்கள். சென்னையில் இருந்த விடுதிகளோ சாதி பார்த்துச் சேர்க்கும் விடுதிகள். அவர்களைச் சேர்க்க ஆள் இல்லை. தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-31 காலத்தில் தொடங்கிய அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தங்குமிடம், படிப்பு, தொழில் பயிற்சி. சாதி, மதம் கேட்பதில்லை. அடையாறில் இன்றும் இயங்குகிறது. சட்டத்தால் வெளியே வந்த எல்லோரையும் ஓர் இல்லம் தாங்க முடியுமா என்றால், முடியாது. சட்டம் போட்ட அரசே மறுவாழ்வுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

இட ஒதுக்கீடு வேண்டாம் என்றது ஏன்?

1931-ல் அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவராக இருந்தார் முத்துலட்சுமி. 1933-ல் ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோரோடு லண்டன் போய், புதிய அரசியல் சட்டம் பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். அதே ஆண்டு அமெரிக்காவின் சிகாகோவில் நடந்த மகளிர் மாநாட்டுக்கும் போனார்.

லண்டனில் அவர்கள் கேட்டது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. மத அடிப்படையில் பெண்களைப் பிரிக்கும் தனித் தொகுதிகளும், பெண்களுக்கு என்று தனி இடங்களும் வேண்டாம் என்பது பெண்கள் அமைப்புகளின் நிலைப்பாடு. நியமனத்தில் சபைக்கு வந்தவர் இப்படிச் சொன்னது முரணாகத் தெரியலாம். எல்லோருக்கும் ஓட்டு கிடைத்துவிட்டால் பெண்கள் தாமாகவே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அது.

எல்லோருக்கும் ஓட்டு வந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டி வந்தது. அந்த ஒரு கணிப்பில் முத்துலட்சுமி தலைமுறையின் நம்பிக்கை பலிக்கவில்லை.

12 படுக்கையில் தொடங்கிய மருத்துவமனை

தங்கையின் சாவு அவரை விடவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது. அரசிடம் ஆதரவு சுலபத்தில் கிடைக்கவில்லை.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி எழுப்பினார். 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா வாழ்நாள் முழுவதையும் அங்கேயே செலவிட்டார்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம் சிகிச்சையோடு நிற்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் சென்னை மாநகருக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை அது தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் என்று ஊர் முழுக்கக் கணக்கெடுக்கும் வேலை. எந்தப் புற்றுநோய் குறைகிறது, எது கூடுகிறது என்று இன்று தமிழ்நாட்டில் சொல்ல முடிவது இப்படிப்பட்ட பதிவேடுகளால்தான். பரிசோதனை முகாமை எங்கே நடத்துவது, பணத்தை எதில் போடுவது என்ற முடிவுகளுக்கு அடிப்படையும் அதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு மாநில சமூக நல ஆலோசனை வாரியத்தின் முதல் தலைவராகவும் முத்துலட்சுமி இருந்தார். 1956-ல் பத்ம பூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல், 82 வயதை எட்ட 8 நாட்கள் இருக்கும்போது காலமானார்.

இன்று எங்கே நிற்கிறோம்?

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாகப் போனது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த மாவட்டம் ஆனது புதுக்கோட்டை. ஒரு பெண் கல்லூரி வாசலை மிதிப்பதே சர்ச்சையான ஊரில், சுமார் 90 ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் அது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் நடந்திருக்கிறது. இந்திய அளவில் இது 23.3 சதவீதம். நம் ஊரில் 8 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால்தான் அரசுகள் சட்டத்தோடு பணத்தையும் சேர்த்து யோசிக்கின்றன. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-ல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குத் தரப்பட்ட உதவி, கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. ஒரு பெண் பிள்ளையின் வீட்டில் பணம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் கை வைப்பது. 1929-ல் தேவதாசி நிலத்தில் முத்துலட்சுமி பார்த்ததும் இதே கணக்கைத்தான்.

முக்கிய ஆண்டுகள் ஒரு பார்வையில்

1886: புதுக்கோட்டையில் பிறப்பு
1907: சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்
1912: மருத்துவப் பட்டம்
1914: டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம்
1925-26: இங்கிலாந்தில் மேல்பயிற்சி
1926: சென்னை மாகாண சட்டசபைக்கு நியமனம்
1927: பொட்டுக்கட்டுதலுக்கு எதிரான தீர்மானம்
1928-29: ஹார்டாக் கல்விக் குழு உறுப்பினர்
1929: தேவதாசி இனாம் நிலச் சட்டத் திருத்தம்
1930: சட்டசபைப் பதவி ராஜினாமா
1947: தேவதாசி ஒழிப்புச் சட்டம்
1954: அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறப்பு
1956: பத்ம பூஷண்
1968: மறைவு